கொள்ளுப்பாட்டியின் ஊர் எது? டர்பனிலிருந்து போளூர் தாலுகா வரை ஒரு குடும்பத் தேடல்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்தை ஒட்டிய சாட்ஸ்வொர்த்தில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், தன் அம்மாவைப் பெற்ற ஆயாவின் அம்மா எந்த ஊரிலிருந்து கப்பலேறினார் என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டார். கையில் இருந்தது ஒரு பெயர், அப்புறம் ‘மதராஸ்’ என்கிற ஒரு சொல். அவ்வளவுதான். இப்போது திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு குறிப்பிட்ட கிராமம் வரை வந்துவிட்டோம், எது உறுதி எது யூகம் என்றும் பிரித்து வைத்திருக்கிறோம். எனக்கு இதே மாவட்டம் என்பதால் இந்தப் பக்கத்து வேலையை நான் பார்த்தேன், அந்தப் பக்கத்து ஆவணங்களை அந்த ஆசிரியை (இனி அக்கா என்றே சொல்கிறேன்) பார்த்தார். குடும்பத்தார் கேட்டுக்கொண்டபடி ஆட்களின் பெயரையும் கிராமத்தின் பெயரையும் விட்டுவிடுகிறேன். மற்றபடி எதற்கப்புறம் எதைச் செய்தோம், எந்தக் காகிதம் எதைச் சொன்னது, எதை ஏன் நம்பாமல் ஒதுக்கினோம் என்பதை முழுசாக எழுதுகிறேன். குடும்ப வரலாறு தேட ஆரம்பிக்கிற யாருக்கும், தமிழ்நாட்டை விட்டு ஒருநாளும் வெளியே போகாத குடும்பமாக இருந்தாலும், வேலையின் வரிசை பெரும்பாலும் இதுதான்.

முதலில் பின்னணி. 1860 நவம்பர் 16ஆம் தேதி ‘ட்ரூரோ’ என்ற கப்பல் சென்னையிலிருந்து 342 பேரை ஏற்றிக்கொண்டு டர்பன் போய்ச் சேர்ந்தது. டர்பன் இருந்த, ஆங்கிலேயர் ஆண்ட நேட்டால் காலனியின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகள் போன முதல் கப்பல் அது. 1866இல் நின்று, 1874இல் மறுபடியும் தொடங்கி, 1911 வரைக்கும் கப்பல்கள் போய்க்கொண்டே இருந்தன. மொத்தம் 1,52,184 பேர், அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்கள். ஐந்து வருட ஒப்பந்தம், முதல் வருடம் மாதம் 10 ஷில்லிங் கூலி, அப்புறம் வருடத்துக்கு ஒரு ஷில்லிங் கூடும், பத்து வருடம் இருந்தால் ஊர் திரும்ப இலவசக் கப்பல். வட ஆற்காடு, தென் ஆற்காடு, செங்கல்பட்டு, சேலம், திருச்சி, தஞ்சாவூர் என்று நம்முடைய பழைய ஜில்லாக்கள் எல்லாமே அந்தப் பட்டியல்களில் இருக்கின்றன.

இந்தத் தேடலுக்கு இதில் முக்கியமான விஷயம், இறங்கிய ஒவ்வொருவருக்கும் காலனி அரசு ஒரு எண் கொடுத்தது என்பது. கைக்குழந்தைக்கும் எண் உண்டு. ஓடிப்போனால் பிடிக்க, கூலியைக் கணக்குப் பார்க்க, ஒப்பந்தம் முடிந்ததா என்று சரிபார்க்கத்தான் அந்த எண். ஆனால் அதே கண்காணிப்பின் தடயத்தைப் பிடித்துக்கொண்டுதான் இன்று பேரப்பிள்ளைகள் ஊரைக் கண்டுபிடிக்கிறார்கள். இலங்கை மலையகத்துக்கும் மலேயாவுக்கும் கங்காணி மூலமாகப் போன லட்சக்கணக்கானவர்களுக்கு இப்படி ஆளுக்கொரு வரி கிடைப்பது அரிது. அந்தக் குடும்பங்களின் தேடல் இதைவிடக் கஷ்டமானது, அது தனியாக எழுத வேண்டிய விஷயம்.

பெரியம்மாவிடம் என்ன கேட்டோம்

அக்கா என்னிடம் பேச ஆரம்பித்தபோதே கப்பல் பட்டியலில் தேடத் தொடங்கியிருந்தார். நான் அதை நிறுத்தச் சொன்னேன். பட்டியல் எங்கேயும் போய்விடாது, தொண்ணூறைத் தாண்டிய அக்காவின் பெரியம்மா அப்படி இல்லை. உயிரோடு இருப்பவர்களிடம் கேட்பதுதான் முதல் வேலை. அதையும் ஒரே மூச்சில் கேட்கக் கூடாது, சும்மா போய்ச் சாப்பிட்டுவிட்டுப் பேசிக்கொண்டிருக்கும்போது கேட்க வேண்டும்.

கேட்கிற விதம்தான் இதில் எல்லாமே. “உங்க பாட்டியோட அப்பா பேரு என்ன?” என்று நேராகக் கேட்டால் “அதெல்லாம் யாருக்கு ஞாபகம்” என்றுதான் பதில் வரும், பெரியம்மாவிடமும் அதுதான் வந்தது. சடங்கைப் பிடித்துக் கேட்டால் ஆட்கள் வெளியே வருவார்கள். யாருடைய மடியில் உட்கார வைத்துக் காது குத்தினார்கள், கல்யாணத்துக்குத் தாய்மாமன் சீர் யார் கொண்டுவந்தது, சாவுக்கு யார் தலைமாட்டில் உட்கார்ந்தது, தீமிதிக்கு எந்தக் கோயிலில் மஞ்சள் கட்டிக்கொண்டார்கள். நம் உறவுமுறையில் ஒவ்வொரு சடங்குக்கும் ஒரு முறைக்காரர் இருக்கிறார், அதனால் சடங்கு ஞாபகம் வந்தாலே அந்த உறவுக்காரரும் ஞாபகத்துக்கு வந்துவிடுவார். தாய்வழியைத் தேடுகிறவர்களுக்கு இது ரொம்ப முக்கியம், ஏனென்றால் பெண்களின் பெயர் பட்டாவிலும் இனிஷியலிலும் காணாமல் போகும், தாய்மாமன் சீரில் காணாமல் போகாது.

பெரியம்மாவிடம் இப்படிக் கேட்டபோது ஒரு விஷயம் வந்தது. ஆயாவின் கல்யாணத்துக்கு மாமன் சீர் செய்தவர் சொந்த மாமன் கிடையாது, கொள்ளுப்பாட்டியோடு ஒரே கப்பலில் வந்த ஒருவர், வழியில் அண்ணன் முறை வைத்துக்கொண்டவர். அவருடைய பேரும் அவர் வேலை பார்த்த தோட்டமும் பெரியம்மாவுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அப்போதைக்கு இதை எழுதி மட்டும் வைத்துக்கொண்டோம். கடைசியில் ஊரையே இந்த மனிதர்தான் காட்டிக்கொடுத்தார்.

குடும்பக் கதைகளும் கூடவே வந்தன. கொள்ளுத்தாத்தா ஜமீன் குடும்பம், சண்டை போட்டுக்கொண்டு வந்துவிட்டார், இரண்டு பேரும் ஒரே ஊர், கல்யாணம் பண்ணிக்கொண்டு ஜோடியாகக் கப்பலேறினார்கள், ஊர் மதராஸ். எல்லாவற்றையும் அப்படியே சொன்னவர் பெயரோடும் தேதியோடும் எழுதினோம். நம்பவும் வேண்டாம், தூக்கிப் போடவும் வேண்டாம். ‘மதராஸ்’ என்பது பெரும்பாலும் கப்பலேறிய துறைமுகத்தைக் குறிக்கும், இல்லையென்றால் விசாகப்பட்டினம் முதல் திருநெல்வேலி வரை பரவிக் கிடந்த மதராஸ் மாகாணத்தைக் குறிக்கும். சொந்த ஊர் மதராஸ் என்று எந்தக் குடும்பம் சொன்னாலும் நான் இப்படித்தான் எடுத்துக்கொள்வேன்.

வீட்டுக் காகிதம், அப்புறம் அரசாங்கக் காகிதம்

வேலையை ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். அக்காவின் பிறப்புச் சான்றில் அம்மாவின் பெயர், அம்மாவின் பிறப்புச் சான்றில் ஆயாவின் பெயர், அங்கிருந்து ஆயாவின் பிறப்புப் பதிவு. நடுவில் ஒரு தலைமுறையைத் தாண்டிக் குதித்தால், அதே பேருள்ள வேறொருவரின் பரம்பரையை நம்முடையதாக எடுத்துக்கொண்டு வருடக்கணக்காக உழைக்க நேரும். இதைப் பலருடைய மரங்களில் பார்த்திருக்கிறேன்.

நேட்டாலில் பெயர் விஷயம் கூடுதல் சிக்கல். முதலியார் ‘மூட்லி’ ஆனார், கவுண்டர் ‘கவெண்டர்’ ஆனார், படையாட்சி, பிள்ளை, நாயுடு, நாயக்கர் எல்லாம் நிரந்தரக் குடும்பப் பெயராகப் பதிந்துபோயின. இன்னொரு பக்கம் தகப்பனின் பெயரையே குடும்பப் பெயர் என்று எழுதிவிட்ட எழுத்தர்களும் உண்டு, அதனால் கூடப் பிறந்த அண்ணன் தம்பிக்கே வேறு வேறு குடும்பப் பெயர் இருக்கும். இந்தக் குடும்பத்தில் ஆயாவுக்கு மூன்று காகிதங்களில் மூன்று எழுத்துக்கூட்டல். அக்கா முதலில் மூன்றும் மூன்று பேரோ என்று சந்தேகப்பட்டார், முகவரியும் கணவர் பெயரும் பொருந்தியதால்தான் ஒருவரே என்று முடிவுக்கு வந்தோம்.

வீட்டில் இருந்த பழைய கைப்பெட்டியில், 1960களில் நகராட்சி ஊழியர் குடியிருப்பான மேகசின் பாரக்ஸிலிருந்து சாட்ஸ்வொர்த்துக்கு மாற்றப்பட்டபோது கொண்டுவந்த காகிதங்கள் இருந்தன. எந்த இனத்தார் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்த குழு வாழிடச் சட்டத்தின் கீழ் வீடு மாற்றப்பட்ட எத்தனையோ குடும்பங்கள் தட்டுமுட்டுச் சாமானோடு காகிதங்களையும் தொலைத்துவிட்டன, இந்த வீட்டில் யாரோ ஒருவர் கவனமாக இருந்திருக்கிறார். அதில் ஆயாவின் பிறப்புப் பதிவின் நகல் கிடைத்தது. 1904. அப்பா பெயருக்குப் பக்கத்தில் ஒரு எண், அம்மா பெயருக்குப் பக்கத்தில் இன்னொரு எண், ஐந்து இலக்கம்.

அந்த இரண்டு எண்களும் கிடைத்த பிறகு பெயர்த் தேடல் என்பதே தேவைப்படவில்லை. ஆனால் எல்லோருடைய வீட்டிலும் இப்படி ஒரு நகல் இருக்காது. அப்படிப்பட்டவர்களுக்கு அங்கே மூன்று வழி இருக்கிறது. இந்தியக் குடியேறிகளின் காப்பாளர் அலுவலகத்துக் கோப்புகள்; 1891ஆம் ஆண்டின் 25ஆம் சட்டப்படி காப்பாளரிடம் பதிந்த கல்யாணங்கள்; அப்புறம் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்தில் இருக்கும் இறந்தவர்களின் சொத்துக் கோப்புகள். கடைசியாகச் சொன்னதில் இறப்பு அறிவிப்புப் படிவம் ஒன்று இருக்கும், அதில் இறந்தவரின் பெற்றோர் பெயர், பிறந்த இடம், பிள்ளைகள் பெயர் எல்லாம் கேட்டிருப்பார்கள். காப்பகத்தின் அட்டவணையை இணையத்திலேயே தேடலாம், கோப்பின் எண்ணைக் குறித்துக்கொண்டு அப்புறம் நேரில் போகலாம், இல்லையென்றால் அங்கே இருக்கும் ஒருவர் மூலம் பார்க்கலாம்.

பட்டியலில் இருந்த இரண்டு வரிகள்

நேட்டால் கப்பல் பட்டியல்களை ஜாய் பிரெய்ன் உள்ளிட்ட வரலாற்றாய்வாளர்கள் டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகத்தில் கணினியில் ஏற்றினார்கள். அந்தப் பல்கலைக்கழகம் 2004இல் நேட்டால் பல்கலைக்கழகத்தோடு இணைந்து குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகம் ஆனது. அதன் வெஸ்ட்வில் வளாகத்தில் இருக்கும் காந்தி-லுத்துலி ஆவண மையத்தில் இப்போது அவற்றைப் பார்க்கலாம், இணையத்திலும் கிடைக்கின்றன. ஒவ்வொரு வரியிலும் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஆணா பெண்ணா, ஜாதி, ஜில்லா, தாலுகா, ஊர், உடம்பில் உள்ள அடையாளம், எந்த முதலாளியிடம் அனுப்பப்பட்டார் என்று வரும்.

எண் இல்லாமல் பெயரை மட்டும் வைத்து 1890களில் தேடிப் பார்த்தால் எத்தனை பேர் வருகிறார்கள் என்று ஒரு சோதனைக்காகப் பார்த்தோம். அதே பேர், ஏறக்குறைய அதே வயது, மூன்று பெண்கள். ஒருவர் தென் ஆற்காடு, ஒருவர் திருச்சி, ஒருவர் வட ஆற்காடு. பெயரைப் பிடித்துக்கொண்டு போயிருந்தால் மூன்றில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுத்திருக்க வேண்டியதுதான்.

1904ஆம் வருடக் காகிதத்தில் இருந்த எண் வட ஆற்காட்டுப் பெண்ணுடையது. வயது 20. ஜில்லா நார்த் ஆற்காட், தாலுகா போலூர், ஊர்ப் பெயர் ஆங்கிலத்தில் எழுத்தர் காதில் விழுந்த மாதிரி. இடது முழங்காலுக்குக் கீழே தழும்பு. தகப்பன் பெயர் இருக்கிறது, கூடக் கணவன் என்று யாரும் இல்லை. கொள்ளுத்தாத்தாவின் எண்ணைப் பார்த்தால் அவர் வேறொரு கப்பலில், வேறொரு வருடத்தில், சேலம் ஜில்லாவிலிருந்து வந்தவர். ஆக, ஜோடியாகக் கப்பலேறிய கதை அங்கே முடிந்தது. ஜமீன் பற்றியும் அந்த வரியில் ஒன்றும் இல்லை, தோட்டக் கூலியாகப் பதிந்திருக்கிறார்கள்.

கொள்ளுப்பாட்டியின் வரிக்கு அடுத்த எண்ணில் ஒரு குழந்தை. பெண், வயது 2, ஊரும் தாலுகாவும் அதேதான், தகப்பன் பெயர் இடத்தில் குடும்பத்தில் யாருமே கேள்விப்படாத ஒரு ஆணின் பெயர். பட்டியலில் குடும்பமாக வருகிறவர்களுக்கு அடுத்தடுத்த எண் வருவது வழக்கம், அதனால் நம்முடைய எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடக் கூடாது, முன்னும் பின்னும் ஒரு பக்கமாவது படிக்க வேண்டும். இருபது வயதுப் பெண், இரண்டு வயதுக் குழந்தையோடு தனியாக வந்திருக்கிறார். கணவன் இறந்தாரா, விட்டுவிட்டாரா, இவரே கிளம்பிவிட்டாரா என்று பட்டியல் சொல்லாது, நாமும் இட்டுக்கட்டக் கூடாது. 100 ஆணுக்கு 40 பெண் என்ற கணக்கை நிரப்ப வேண்டியிருந்ததால் ஆள் பிடிப்பவர்கள் தனித்து நின்ற பெண்களைக் குறிவைத்துத் தேடினார்கள் என்பது மட்டும் பொதுவாகத் தெரிந்த செய்தி.

அந்தக் குழந்தைக்கு என்ன ஆனது என்று வேறெந்தப் பதிவிலும் எங்களுக்குக் கிடைக்கவில்லை. பெரியம்மாவுக்குத் தன் அம்மாவுக்கு இப்படி ஒரு அக்கா இருந்ததாகவே தெரியாது. இதைக் குடும்பத்தில் எல்லோருக்கும் சொல்வதா என்று அக்கா நன்றாக யோசித்தார், முதலில் பெரியம்மாவிடம் தனியாகச் சொன்னார், அவர் சரி என்ற பிறகுதான் மற்றவர்களுக்கு. இது எனக்கு மிகச் சரியான முறையாகப் படுகிறது. குடும்ப வரலாறு தேடுகிற யாருக்கும் இப்படி ஏதாவது ஒன்று கட்டாயம் கையில் வந்து சேரும், தத்துப் பிள்ளை, மறைத்த முதல் கல்யாணம், ஜெயில், ஜாதி மாற்றிச் சொன்னது. கண்டுபிடித்த சந்தோஷத்தில் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டால் அதைத் திரும்ப எடுக்க முடியாது.

போளூர் தாலுகாவில் எந்த ஊர்

இங்கிருந்துதான் என் வேலை. 1890களின் வட ஆற்காடு ஜில்லாவை இன்றைய வரைபடத்தில் தேடினால் கிடைக்காது. 1911இல் சித்தூர் தனி ஜில்லாவாகப் பிரிந்தது. 1989இல் மிச்சம் இருந்தது இரண்டாகி ஒன்று திருவண்ணாமலை ஆனது. 2019இல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. தாலுகாக்களும் அப்படியே உடைந்து புதுசு புதுசாக வந்திருக்கின்றன, அன்றைய போளூர் தாலுகா இன்றைய போளூர் தாலுகாவைவிடப் பெரியது. பட்டியலில் ‘நார்த் ஆற்காட்’ என்று பார்த்துவிட்டு வேலூரில் போய்த் தேடுகிறவர்கள் பாதி ஊர்களைத் தவறவிடுகிறார்கள்.

ஊர்ப் பெயரைக் கண்டுபிடிக்க நான் செய்தது, எழுத்தைப் பார்க்காமல் வாய்விட்டுத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்ப்பது. ‘வாண்டிவாஷ்’ என்று எழுதினால் வந்தவாசி. ழகரமும் ளகரமும் அவர்களுக்கு ஒன்றுதான், பட்டும் பேட்டும் ஒன்றுதான், பாக்கம் ‘பாக்’ ஆகி நிற்கும். இப்படிச் சொல்லிப் பார்த்து வந்த உச்சரிப்புகளைப் பழைய சென்சஸ் கையேடுகளில் தாலுகா வாரியாக இருக்கும் கிராமப் பட்டியலோடு ஒப்பிட்டேன். இரண்டு ஊர் பொருந்தியது. ஒன்று ஜவ்வாது மலை அடிவாரத்தில், இன்னொன்று செய்யாற்றுப் பக்கம். ஒரே பேர், நடுவில் நல்ல தூரம்.

இங்கேதான் பெரியம்மா சொன்ன கப்பல் அண்ணன் வந்தார். அவருடைய பேர் அதே கப்பலின் பட்டியலில் இருந்தது, பெரியம்மா சொன்ன அதே தோட்டத்துக்கு அனுப்பப்பட்டவர், தாலுகா போளூர். அவருடைய ஊர் அடிவாரத்து ஊரிலிருந்து நடந்து போகிற தூரம். அந்தக் கப்பலில் இன்னும் யார் யார் போளூர் தாலுகாக்காரர்கள் என்று வரிசையாக எடுத்துப் பார்த்தோம், அடையாளம் தெரிந்த ஊர்களில் பெரும்பாலானவை அடிவாரத்துப் பக்கமே வந்தன, செய்யாற்றுப் பக்கம் ஒன்றும் இல்லை. ஆள் பிடிப்பவர் ஒரு சந்தையையோ ஒரு திருவிழாவையோ சுற்றி ஆட்களைத் திரட்டியிருந்தால் இப்படித்தான் கொத்தாக வரும். ஒருவரைத் தனியாகத் தேடிக் கிடைக்காதபோது அவரைச் சுற்றி இருந்தவர்களைத் தேட வேண்டும். இந்தத் தேடல் முழுவதிலும் எனக்குப் பெரிதாகப் பட்ட முறை இதுதான். தமிழ்நாட்டுக்குள்ளேயே தேடுகிறவர்களுக்கும் பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர், நாலு பக்க எல்லையில் வரும் நிலக்காரர், மொய் நோட்டில் அடுத்தடுத்து வரும் பெயர்கள் என்று சுற்றி இருப்பவர்கள் நிறையச் சொல்வார்கள்.

ஊருக்குள்

கிராமத்துக்குப் போய் “தென்னாப்பிரிக்காவுல இருந்து உங்க சொந்தக்காரங்க தேடுறாங்க” என்று ஆரம்பித்தால் முதலில் வருகிற சந்தேகம் நிலம்தான். டீக்கடையில் ஒரு பெரியவர் நேராகவே கேட்டார், “என்னா சார், பங்கு கேட்டு வர்றாங்களா?” நியாயமான பயம், நூறு வருஷத்துக்கு முந்தைய பாகப்பிரிவினை இன்னும் கோர்ட்டில் இருக்கிற ஊர்கள் எத்தனையோ உண்டு. அதனால் பட்டாவையோ பத்திரத்தையோ முதலில் கேட்கவே இல்லை. கோயிலில் ஆரம்பித்தேன். ஜாதியையும் நான் வெளிப்படையாகச் சொல்லிக் கேட்கவில்லை. பட்டியலில் இருக்கும் ஜாதி அன்று அவர் வாயால் சொன்னது அல்லது எழுத்தர் நினைத்துக்கொண்டது, அதைக் கொண்டுபோய் ஒரு தெருவின் வாசலில் வைப்பது வம்பு.

அரசாங்கப் பதிவுகளைப் பொறுத்தவரை எதிர்பார்த்த இடத்தில் சுவர்தான். கிராமங்களில் பிறப்பு இறப்புப் பதிவு 1899ஆம் வருடச் சட்டத்துக்குப் பிறகுதான் ஒழுங்குக்கு வந்தது, கொள்ளுப்பாட்டி பிறந்தது அதற்கு முன்னால். கர்ணம், மணியக்காரர் வேலை பரம்பரையாக ஒரே வீட்டில் இருந்தவரை கிராமக் கணக்கு அந்த வீட்டுப் பரணில் கிடந்தது, 1980இல் அந்தப் பதவிகள் ஒழிக்கப்பட்டபோது சிலது தாலுகா ஆபீஸ் போனது, சிலது கறையான் தின்றது. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் பழைய நில செட்டில்மென்ட் பதிவேடுகள் இருக்கின்றன, பட்டாதாரர் பெயரைச் சர்வே எண்ணோடு பார்க்கலாம், ஆனால் நிலம் இருந்தவர்களுக்குத்தான் அதில் பெயர். கூலிக்காரர் வீடுகளை அங்கே தேடிப் பயனில்லை. இந்தத் தகப்பனார் பெயரும் அங்கே இல்லை.

பலன் கொடுத்தது மக்கள் தாங்களே எழுதி வைத்தவை. கோயில் தர்மகர்த்தா வீட்டில் தலைக்கட்டு நோட்டு இருந்தது. திருவிழா வரிக்காகக் கல்யாணமான ஒவ்வொரு ஆணையும் ஒரு தலைக்கட்டாகக் கணக்கெடுத்து, வகையறா வகையறாவாக எழுதுவார்கள், மகன் கல்யாணம் ஆனதும் தனித் தலைக்கட்டாகப் பிரிவான். பத்து இருபது வருட நோட்டை அடுக்கி வைத்துப் பார்த்தால் யார் யாருடைய மகன் என்று ஊரின் ஆண்வழி மரமே கிடைத்துவிடும். (பெண்கள் இதில் வரமாட்டார்கள், அவர்களுக்கு மொய் நோட்டையும் கருமாதிப் பத்திரிகையையும் பார்க்க வேண்டும். கருமாதிப் பத்திரிகையில் மகள்கள், மருமகன்கள், சம்பந்திகள் ஊர்ப் பெயரோடு வருவார்கள். உங்கள் வீட்டில் பழையது இருந்தால் தயவுசெய்து தூக்கிப் போடாதீர்கள், போனில் ஒரு படமாவது எடுத்து வையுங்கள்.)

தகப்பனாரின் பெயர் சாதாரணமாகப் புழங்குகிற பெயர் இல்லை, அந்தப் பக்கத்து ஒரு சிறுதெய்வத்தின் பெயர். அதே தெய்வத்தைக் குலதெய்வமாகக் கும்பிடுகிற ஒரு வகையறா ஊரில் இருக்கிறது, அவர்கள் தலைக்கட்டில் அந்தப் பெயர் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை வந்துகொண்டே இருக்கிறது. பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கிற வழக்கத்தால் இப்படி வரும். டர்பனில் ஆயாவின் தம்பி ஒருவருக்கும் அதே பெயர், தாய்வழித் தாத்தாவின் பெயர் என்று பெரியம்மா முன்பே சொல்லியிருந்தார்.

அந்த வகையறாவின் மூத்தவரிடம் ஒரு ஜாதக நோட்டு இருந்தது, அவருடைய தாத்தா பிறந்தது விகாரி வருடம் கார்த்திகை மாதம் என்று. தமிழ் வருடப் பெயர்கள் அறுபது வருடத்துக்கு ஒருமுறை திரும்ப வருபவை, விகாரி என்றால் 1899ஆகவும் இருக்கலாம், 1959ஆகவும் இருக்கலாம். மூத்தவர் பிறந்ததே 1950க்கு முன்னால் என்பதால் தாத்தாவுக்கு 1899தான். பத்திரங்களில் பசலி வருடம் (நிலவரிக் கணக்குக்கான வருடம்) இருந்தால் இன்னும் சுலபம், 590ஐக் கூட்டினால் அந்தப் பசலி தொடங்கும் ஆங்கில வருடம் வந்துவிடும், பசலி 1310 என்றால் 1900 ஜூலையிலிருந்து. வாய்மொழியாகச் சொல்கிறவர்கள் “தாது வருஷப் பஞ்சத்துல” என்பார்கள், அது 1876-77. “எம்டன் குண்டு போட்டப்ப” என்றால் 1914 செப்டம்பர். இப்படி ஒரு சிறு அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு போனால் பெரியவர்கள் சொல்வதை அங்கேயே வருடமாக்கிக்கொள்ளலாம்.

அந்த விகாரி வருடத் தாத்தாவின் தகப்பனாருக்கு ஒரு தங்கச்சி இருந்ததா என்று கேட்டேன். “கப்பல் ஏறிப் போயிட்டதா ஒருத்தியச் சொல்லுவாங்க, எந்த நாடுன்னு தெரியாது” என்றார். பக்கத்தில் இருந்த அவருடைய தம்பி, “அது ரங்கூனு, பர்மாவுக்குப் போனவங்க” என்றார். இரண்டு பேருடைய பதிலையும் அப்படியே எழுதிக்கொண்டேன். நான் என்ன காரணத்துக்காகக் கேட்கிறேன் என்று தெரிந்த பிறகு வந்த பதில் என்பதால் இதற்கு நான் பெரிய எடை கொடுக்கவில்லை.

இப்போது எங்கே நிற்கிறோம்

பட்டியலில் இருக்கும் பெண்தான் அக்காவின் கொள்ளுப்பாட்டி என்பது உறுதி: 1904 பதிவில் இருக்கும் எண், கப்பல் அண்ணன், இரண்டும் தனித்தனியாக வந்து ஒரே இடத்தில் சேர்கின்றன. போளூர் தாலுகா உறுதி. அடிவாரத்து ஊர் என்பது மிகவும் பொருந்துகிறது, செய்யாற்றுப் பக்கத்து ஊரை நான் முழுசாகத் தள்ளிவிடவில்லை, அங்கேயும் தலைக்கட்டு நோட்டைப் பார்க்க வேண்டியிருக்கிறது. அந்த வகையறாதான் பிறந்த வீடு என்பது யூகம். பெயரும் குலதெய்வமும் பொருந்துவது நல்ல அறிகுறி, ஆனால் பங்காளி வீடுகள் எல்லாவற்றிலும் அதே பெயர் புழங்கும், அதனால் எந்தக் கிளை என்று சொல்ல முடியாது. டி.என்.ஏ. சோதனை பற்றி அக்காவின் பிள்ளைகள் கேட்டார்கள். எச்சில் கொடுப்பது எதற்கு, அதில் வேறு என்னவெல்லாம் தெரியவரும் என்று அந்த வீட்டுக்காரர்களுக்கு நிதானமாகப் புரியவைத்து, அவர்களாகச் சரி என்று சொன்னால்தான் அதைச் செய்ய வேண்டும். இப்போதைக்கு இல்லை.

அக்கா எல்லாவற்றையும் ஒரே நோட்டில் எழுதி வைத்திருக்கிறார், ஒவ்வொரு தகவலுக்கும் எதிரே யார் சொன்னது அல்லது எந்தக் காகிதம், எந்தத் தேதியில் பார்த்தது என்று. யூகங்களைப் பென்சிலில் எழுதுகிறார். அந்த நோட்டின் நகல் ஒன்று என்னிடமும் ஒன்று அவருடைய மகளிடமும் இருக்கிறது.

அடுத்தது கொள்ளுத்தாத்தா. அவருடைய வரியில் ஜில்லா சேலம், தாலுகா ஆத்தூர், ஊர்ப் பெயரின் நடு எழுத்துகள் கணினிப் பிரதியில் தெளிவாக இல்லை. மூலப் பக்கத்தின் படத்தை அக்கா கேட்டிருக்கிறார். அது வருவதற்குள் அந்தக் கப்பலில் வந்த மற்ற ஆத்தூர் தாலுகாக்காரர்களின் வரிகளை நான் தனியாக எழுதி எடுத்துக்கொண்டிருக்கிறேன்.